சாள்ஸ் அண்ணரின் ஜீபீஎஸ்ஸும் என் கெட்டித்தனமும்

சேசு மரி சூசை துணை
கற்பிட்டி

அன்புள்ள மச்சான் அன்ரனுக்கு,

மாதாவின் தயவால் இங்கே எல்லோரும் சுகம். இத்தாலியில் உம்முடைய சுகத்துக்கும் மன்றாடுகிறோம். நிற்க, என் மூளையைப் பற்றி ஒரு முறைப்பாடு எழுதவேண்டி இருக்கிறது.

நீர் என் ரேடியோ, போன் திருத்தும் மேசைக்கு அனுப்பிய அயனைசர் விசிறி பத்திரமாக வந்து சேர்ந்தது. அதன் காற்றுப் பட்டால் நிலைமின்சாரம் அடங்கும், சிப்புகள் சாகாது என்று போனில் விளக்கினீர். விசிறி இருந்தாலும் கையில் பட்டியைக் கட்டி அதன் வயரை நிலத்தோடு இணைக்க வேண்டும், மேசையில் பொலித்தீன் கூடாது என்றும் சொன்னீர். நானும் ஓம் ஓம் என்றேன். ஆனால் நம்முடைய கரையில் புதுச் சாமானின் பொலித்தீனைக் கழற்றினவன் யார்? உப்புக்காற்றுக்குப் பயந்து ரிமோட்டைக்கூட உறையோடுதானே அமத்துகிறோம். ஆகவே விசிறிக்கும் உறை, காற்று வர மட்டும் வாய் வெட்டிவிட்டேன்; மேசைக்கும் பொலித்தீன் விரிப்பு. விசிறி இருக்கப் பட்டி எதற்கு என்று அதை அலுமாரிக்கு மேலே எறிந்தேன். உம்முடைய அக்கா பவுலினா அதை எடுத்து ஆட்டுக்குட்டியின் காலில் கட்டி, வயரை முற்றத்து இரும்பு முளையில் மாட்டிவிட்டா. எங்கள் வீட்டில் முறைப்படி நிலத்தோடு இணைக்கப்பட்டிருந்தது அந்த ஆடு மட்டும்தான்.

இந்த நேரம் பார்த்துச் சாள்ஸ் அண்ணர் தன் மீன்பிடிப் போட்டுக்குக் கடலில் வழி காட்டும் ஜீபீஎஸ்ஸைத் திருத்தக் கொண்டு வந்தார். அவருடைய மகனுக்குத்தான் நம் மகள் டிலுக்ஷியைக் கலியாணம் பேசுகிறோம் என்பது உமக்குத் தெரியும். திருத்தினேன் மச்சான், திரை வடிவாக எரிந்தது. அதோடு விட்டேனா? சம்பந்தியாகப் போகிறவரின் சாமான், இன்னும் கொஞ்சம் காற்றுப் பிடிக்கட்டும் என்று மூடியைத் திறந்தபடியே பொலித்தீனில் அங்கும் இங்கும் இழுத்து இழுத்து வைத்தேன். கச்சான் காற்றில் வீடே காய்ந்து கிடந்தது. சிப்பில் விரல் பட்டதும் 'டிக்' என்று ஒரு சத்தம்; நீர் சொன்ன அதே நிலைமின்சாரம். திரை இருண்டது. "திருத்து வேலைக்குச் சேர்ட்டிபிக்கட் வச்சிருக்கிற மனுசன்," என்று பவுலினா சுவருக்குச் சொன்னா. பெற்ற மகளின் கலியாணத்தை ஒற்றை விரலால் குழப்பியவன் நான். வெட்கம் பிடுங்கித் தின்கிறது. டிலுக்ஷியின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

ஆகவே, பிழை முழுவதும் விசிறியில்தான் என்று சாள்ஸ் அண்ணருக்கு நீரே போன் எடுத்துச் சொல்லும். வெளிநாட்டில் இருந்து சொன்னால் நம்புவார்.

பிள்ளைகளுக்கு எங்கள் முத்தங்கள். தலவில் கோயில் புனித அன்னம்மாள் உங்கள் குடும்பத்தைக் காப்பாராக.

இப்படிக்கு,
அத்தான் பஸ்தியான்

பி.கு.: போன் எடுக்க வேண்டாம். சாள்ஸ் அண்ணர் இப்போதுதான் வந்து போனார். நடந்ததை எல்லாம் கொட்டிவிட்டேன். சிரித்தார். "அது போனாப் போகுது. நான் புதுசு வாங்கிட்டன். உங்கட வீட்டுக்கு வந்து பிள்ளையைப் பாக்க ஒரு சாட்டு வேணுமெண்டுதானே அதைத் திருத்தக் கொண்டந்தன்," என்றார். கலியாணம் சரி. ஆனால் போகும்போது அந்தப் புதிய ஜீபீஎஸ்ஸை என் மேசையில் வைத்து, "உப்புப் பிடிக்காம இதுக்கும் உங்கட விசிறிக் காத்தைக் கொஞ்சம் அடிச்சு விடுங்கோ, சம்பந்தி," என்றுவிட்டுப் போய்விட்டார். முதன்முதலாகச் சம்பந்தி என்று கூப்பிட்டவரிடம் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? உடனே பதில் போடும். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.