முன்பல் துருத்திய வண்டி

மனைவியை ஒரே ஒரு தடவையாவது ஜெயித்துக் காட்டுவது என்று பல் டாக்டர் ஒரு திங்கட்கிழமை காலையில், குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால், வாய் நிறைய நுரையோடு முடிவு கட்டினார். அந்தக் கோலத்தில் எடுத்த முடிவு உருப்படுமா என்று கேட்கக்கூடாது. மனுஷனுக்குத் தைரியம் வந்ததே அன்றைக்குத்தான்.

விஷயம் இதுதான். அவரிடம் ஏற்கெனவே ஒரு பெரிய வண்டி இருந்தது. காடு மலை எல்லாம் ஏறும் என்று கம்பெனிக்காரன் சத்தியம் செய்கிற ரகம். டாக்டர் அதில் ஏறிய ஒரே மலை, கிளினிக் வாசலில் இருந்த வேகத்தடை. இருந்தாலும் ஐந்து வருஷமாக அதில் ராஜா மாதிரிதான் போய் வந்தார். போன வாரம் கம்பெனிக்காரன் அதே வண்டிக்குப் புது மூஞ்சி வைத்து வெளியிட்டுவிட்டான். முன்பக்கம் முழுக்க அகல வாய் போல ஒரு கிரில், அதில் நெட்டுநெட்டாகப் பளபளக்கும் கம்பிகள். பழைய உருண்டை விளக்குகளைப் பிடுங்கிவிட்டு ரெண்டு மெல்லிசுக் கோடு. அவ்வளவுதான், ஊரே சேர்ந்து திட்டியது. போனைத் திறந்தால் அதே பேச்சு. பாதித் தூக்கத்தில் எழுப்பிவிட்ட மேனேஜர் மூஞ்சி என்றான் ஒருவன். பழைய மூஞ்சியை வரைந்தவரைக் காலில் விழுந்தாவது கூட்டிவாருங்கள் என்று எழுதினான் இன்னொருவன்.

நம் டாக்டருக்கு மட்டும் பார்த்த மாத்திரத்தில் பிடித்துப்போயிற்று. பல்லைக் காட்டுகிற எதுவும் அவருக்குப் பிடிக்கும்; தொழில் அப்படி. அதைவிட முக்கியமான காரணம், எதிர் வீட்டு எலும்பு டாக்டரிடமும் அதே பழைய வண்டிதான் இருந்தது. புது மூஞ்சியைத் தானே ஓட்டிக்கொண்டு, ஜன்னலை இறக்கிவிட்டு, எலும்பு டாக்டர் வாசலை ஆமை வேகத்தில் தாண்டிப் போகவேண்டும். வாழ்க்கையில் வேறு ஆசையே இல்லை என்று சொல்லும் அளவுக்கு அது முற்றிவிட்டது. அந்தத் திங்களுக்கு முந்தின வெள்ளிக்கிழமை சாயங்காலம், சிமெண்டு வாங்கப் போகிறேன் என்று பல் அடைக்கும் சிமெண்டைக் காரணம் காட்டிவிட்டு, ஷோரூமில் வண்டியைப் புக் பண்ணிவிட்டு வந்தார்.

அங்கேதான் ஒரு முடிச்சு விழுந்தது. பழைய வண்டியை மாற்றிக் கொடுத்தால்தான் புதுசு கிடைக்கும். மறு சனிக்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும். திட்டுகிறவர்கள் ஒரு பக்கம் திட்ட, வாங்குகிறவர்கள் இன்னொரு பக்கம் நின்றுகொண்டுதான் இருந்தார்கள். பழைய வண்டியோ மனைவி பேரில் இருந்தது. வாங்கிய அன்றைக்கே, பேர் என்னுது, கழுவுறது உங்களுது என்று அவள் பாகம் பிரித்துவிட்டாள். ஆகவே அவள் கையெழுத்து இல்லாமல் ஒரு அடி நகராது.

நேரே போய்க் கேட்டால் என்ன என்று நீங்கள் நினைக்கலாம். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமாக நேரே போய்க் கேட்டுத்தான் அவர் இந்த நிலைமையில் இருக்கிறார். அவர் நீல சோபா என்றால் வீட்டுக்குப் பழுப்பு சோபா வரும். மாடியில் கதவு வேண்டும் என்றால் கதவு வரவேண்டிய இடத்தில் சுவர் எழும்பும். கிளினிக்கிலும் இதே கதைதான். முன் அறை மேஜையில் உட்கார்ந்து யாருக்கு எத்தனை மணிக்கு வாய் திறக்கவேண்டும் என்று முடிவு செய்வது அவள். அவர் திறந்த வாயில் வேலை செய்வதோடு சரி. இத்தனை வருஷ அனுபவத்தில் அவர் கண்டுபிடித்த உண்மை ஒன்றே ஒன்று. அவர் நல்லது என்று சொன்னால் அவள் மோசம் என்பாள். அப்படியானால் மோசம் என்று சொல்லிவிட்டால் போயிற்று. குளியலறையில் நுரையோடு உதித்த திட்டம் இதுதான்.

காலைக் காபிக்கு உட்கார்ந்ததும் போனை அவள் பக்கம் நகர்த்தினார்.

"இந்தக் கண்றாவியைப் பாத்தியா? நம்ம வண்டிக்குப் புது மூஞ்சியாம். வாந்தி வருது."

அவள் போனை வாங்கி, கண்ணாடியை மூக்கில் ஏற்றி, நிதானமாகப் பார்த்தாள். டாக்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"ஆமாங்க," என்றாள். "நீங்க சொல்றது சரிதான்."

டாக்டருக்குக் காபி புரையேறியது. இருபத்திரண்டு வருஷத்தில் அந்த வாயிலிருந்து அந்த வாக்கியம் வந்ததே இல்லை. தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று இன்னும் கொஞ்சம் திட்டினார். அதற்கும் தலையாட்டினாள். சரி, மருந்து போதவில்லை, அளவைக் கூட்டவேண்டும் என்று தொழில் ரீதியாக இறங்கினார். மேல்வரிசை துருத்திக்கொண்டு நிற்கிறது, பல்லுக்குப் பல் சந்து, ஈறு வீங்கியிருக்கிறது, இது சின்ன வயசிலேயே கம்பி கட்டாமல் விட்ட கேஸ் என்று விலாவாரியாகச் சொன்னார். அவள் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டாள்.

"எவ்வளவு அழகா சொல்றீங்க. நான் தெரு குரூப்ல போட்டுடறேன்."

வேண்டாம் என்று அவர் சொல்வதற்குள் போட்டுவிட்டாள். மத்தியானத்துக்குள் டாக்டர் தெருவில் பிரபலமாகிவிட்டார். நூறு பேர் சிரித்திருந்தார்கள். எலும்பு டாக்டர் முதல் ஆளாக, நண்பர் சொன்னது நூற்றுக்கு நூறு, நானும் இதைத் தொடமாட்டேன் என்று எழுதியிருந்தார். சாயங்காலம் நடைப் பயிற்சிக்குப் போனால் நாலு பேர் வழி மறித்து, அந்த ஈறு மேட்டரை இன்னொரு தடவை சொல்லுங்கள் டாக்டர் என்றார்கள். சொன்னார். சொல்லாமல் இருக்க முடியுமா? பெற்ற பிள்ளையை நடுத்தெருவில் நிறுத்தி வைத்து ஏசுகிற மாதிரி இருந்தது அவருக்கு.

புதன்கிழமை பாதையை மாற்றினார். மனைவியின் தம்பியைத் தனியாகக் கூப்பிட்டு, எப்படியாவது உன் அக்கா காதில் இந்த வண்டியைப் பற்றி நாலு நல்ல வார்த்தை போடு மச்சான் என்று கெஞ்சினார். மச்சானும் நல்ல பையன். வீட்டுக்கு வந்து, சீட்டு என்ன, ஓட்டம் என்ன, உள்ளே உட்கார்ந்தால் வெளிச் சத்தமே கேட்காதாமே என்று அரை மணி நேரம் அளந்துவிட்டான். டாக்டர் பேப்பருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு காதைத் தீட்டினார்.

"எல்லாம் சரிதாண்டா," என்றாள் அக்கா. "உங்க மாமா நல்லா இல்லைன்னு சொல்லிட்டாரே. அவர் பேச்சைத் தாண்டி நான் இந்த வீட்டுல என்னிக்காவது ஏதாவது செஞ்சிருக்கேனா?"

பேப்பர் லேசாக ஆடியது. மச்சான் சிரிப்பை அடக்கிக்கொண்டு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

வியாழக்கிழமை டாக்டருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு பேஷண்டுக்கு வலப்பக்கப் பல்லுக்குப் பதிலாக இடப்பக்கத்தில் மரத்துப்போகும் ஊசி போட்டுவிட்டு, நல்லவேளையாகப் பிடுங்குவதற்கு முன்னால் சுதாரித்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை கிளினிக்கைச் சாத்தும் நேரம் வந்தது. இனி ஒரே ஒரு நாள்தான். வெட்கம், மானம் எல்லாவற்றையும் கையுறையோடு சேர்த்துக் கழற்றிப் போட்டுவிட்டு மனைவியின் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

"அந்த வண்டி இருக்கில்லம்மா..."

"எந்த வண்டி? ஈறு வீங்கின வண்டியா?"

"பாக்கப் பாக்க அவ்வளவு மோசமில்லைன்னு தோணுது."

"எப்ப இருந்துங்க? போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் புக் பண்ணீங்களே, அப்ப இருந்தா?"

டாக்டர் பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். எந்தப் படிவத்தைக் கொடுத்தாலும் கை தன்னால் கிளினிக் போன் நம்பரை எழுதிவிடும் பழக்கம் அவருக்கு. அதைத்தான் ஷோரூமிலும் எழுதியிருந்தார். கிளினிக் போனை எடுப்பது யார்? சனிக்கிழமை காலை பத்து மணிக்கே ஷோரூம் பெண் கூப்பிட்டு, வாழ்த்துச் சொல்லி, வண்டி என்ன கலர் என்பது வரைக்கும் ஒப்பித்துவிட்டாளாம். டாக்டர் நுரையோடு திட்டம் போட்டது அதற்கு ரெண்டு நாள் கழித்து.

"தெரிஞ்சுமா என்னை வாரம் பூரா தெருவில திட்ட விட்டே?"

"நீங்க இத்தனை ஆசையா பேசி நான் பாத்ததில்லை. எப்படித் தடுக்கிறது சொல்லுங்க."

கையெழுத்து விஷயத்தைக் கேட்க அவர் வாயைத் திறந்தார். அவள் இழுப்பறையைத் திறந்து காகிதத்தை எடுத்து நீட்டினாள். எல்லாம் எப்போதோ போட்டாயிற்று. டாக்டருக்கு உண்மையிலேயே கண் கலங்கியது. என்ன இருந்தாலும் நம்ம பெண்டாட்டி தங்கம், நாம்தான் அவளைப் புரிந்துகொள்ளவில்லை என்று நெகிழ்ந்துபோனார். காகிதத்தைப் படித்துப் பார்த்திருந்தால் அவ்வளவு நெகிழ்ந்திருக்கமாட்டார்.

சனிக்கிழமை ஷோரூமில் வண்டி பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. அவர் சாவிக்குக் கையை நீட்ட, ஷோரூம் பெண் அவரைத் தாண்டி மனைவி கையில் சாவியை வைத்து, உங்க பேருக்கே மாத்தியாச்சு மேடம் என்றாள். டாக்டர் அதையும் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. பேர் யார் பேரானால் என்ன, ஓட்டப்போவது நான்தானே என்று வலப்பக்கக் கதவைத் திறக்கப் போனார். அங்கே அவள் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்து சீட்டை முன்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"நீங்க அந்தப் பக்கம் ஏறுங்க. அவ்வளவு திட்டிட்டு நீங்களே ஓட்டிட்டு வந்தா தெருவில உங்க பேச்சுக்கு என்ன மதிப்பு?"

"நம்ம தெருவுக்கு வெளியே நான் ஓட்டலாமில்ல?"

"எந்தத் தெருவுலங்க உங்க பேஷண்ட் இல்லை?"

டாக்டர் சுற்றிப் போய் இடப்பக்கம் ஏறிக்கொண்டார். வண்டி தெருவுக்குள் நுழைந்ததும் அவள் ஜன்னலை இறக்கிவிட்டாள். எலும்பு டாக்டர் வாசலில் வேகம் அப்படியே குறைந்து ஆமை நடையாயிற்று. கையில் தண்ணீர்க் குழாயோடு எலும்பு டாக்டர் ஓடி வந்து, வாயைப் பிளந்துகொண்டு பார்த்துவிட்டு, என்ன நண்பரே நீங்களா இதை வாங்கினீர்கள் என்று கேட்டார்.

அவள் முந்திக்கொண்டாள். இவருக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை, நான் ஆசைப்பட்டேன் என்பதற்காகப் பாவம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்றாள். எலும்பு டாக்டர் இரக்கத்தோடு தலையை ஆட்டி, இந்தக் காலத்தில் இப்படி ஒரு புருஷனா என்று வியந்தார். வண்டி மெல்ல நகர்ந்தது. சீட்டு மெத்தென்றிருந்தது, வெளிச் சத்தம் நின்றுபோயிருந்தது, நம் டாக்டர் முகமோ தன்னை மறந்து மலர்ந்துகொண்டே வந்தது.

மனைவி ரோட்டைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னாள்: "மூஞ்சியைக் கொஞ்சம் சுளிச்சுக்குங்க. சந்தோஷம் வெளியே தெரியுது."