பாதி பெஞ்சில் உட்கார்ந்த அரசாணை அண்ணன்

கொரோனா காலத்தில் அரசு போட்ட உத்தரவுகளை ஒன்றுவிடாமல் படித்த ஒரே ஆள், பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து, எங்கள் அரசாணை அண்ணன்தான். கையெழுத்துப் போட்ட அதிகாரிகள்கூட அவ்வளவு ஊன்றிப் படித்திருக்க மாட்டார்கள்.

ஜெயங்கொண்டத்தில் ஒரு முந்திரிப் பருப்புக் கம்பெனி. அங்கே அவர் கிளார்க், நான் மேனேஜர். நான் சட்டம் படித்தவன், அவர் பத்தாவது. ஆனால் முதலாளி காலையில் வந்ததும் என் மேசையைத் தாண்டிப் போய், "அண்ணே, இன்னைக்கு என்ன ரூல்?" என்று அவரைத்தான் கேட்பார். எனக்கு வயிறு எரியும்.

டீக்கடைக்காரர் "பார்சல் மட்டும்தாங்க" என்றால், "அது நேத்தோட முடிஞ்சிடுச்சு. இனிமே பாதிப் பேரு உக்காரலாம்" என்பார் அண்ணன். கடையில் இருந்ததே ஒரு பெஞ்சு. சரியாகப் பாதியில் உட்காருவார்.

ஒருநாள் சோதனைக்கு வந்த அதிகாரி, "எந்த உத்தரவுப்படி கம்பெனி நடத்துறீங்க?" என்று என்னைக் கேட்டார். நான் மேசை டிராயரைத் திறந்து துழாவினேன். அண்ணன் தன் மஞ்சள் பையிலிருந்து ஒரு தாளை நீட்டினார்.

அதிகாரி படித்துவிட்டு, "எங்களுக்கே இது இன்னும் வரலைங்க. ஒரு ஜெராக்ஸ் கிடைக்குமா?" என்றார். முதலாளி ஆறடி தள்ளி நின்று அண்ணனைக் கும்பிட்டார்.

ஒரு தடவையாவது அவரை முந்திவிட வேண்டும் என்று வெறி வந்துவிட்டது. ஒரு வாரம் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு உத்தரவு வந்தது. அண்ணன் வருவதற்குள், முந்திரிக்கொட்டை உடைக்க வந்த பெண்களை வாசலில் நிறுத்தி உரக்க வாசித்தேன்: கம்பெனி மூடல். விக்கிரமங்கலத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்தவர்கள் வரை எல்லோரும் திரும்பிப் போனார்கள்.

அது போன வருஷத்து உத்தரவு. நான் தேதியைப் பார்க்கவில்லை.

"யாரு மூடச் சொன்னது?" முதலாளி முகம் சிவந்திருந்தது.

"நான்தாங்க. தேதி பாக்காம சார்கிட்ட குடுத்துட்டேன்" என்றார் அண்ணன். முதலாளி அவரைப் பிடிபிடியென்று பிடித்தார். முடிந்ததும் அண்ணன் மெதுவாக, "போன வருஷத்து உத்தரவாவே வச்சுக்குவோம். அதுலயும் மூடுன நாளுக்குக் கூலி உண்டுங்க" என்றார். பெண்களுக்கு அன்றைய கூலி கிடைத்தது.

"ஏண்ணே பழியை நீங்க ஏத்துக்கிட்டீங்க?"

"இப்பத்தான் படிக்க ஆரம்பிச்சிருக்கீங்க சார். ஆர்வம் கெட்டுடக்கூடாதுல்ல."

நான் இப்போது பெரம்பலூரில் வேறு ஆபீசில் இருக்கிறேன். பொறாமை இன்னும் போகவில்லை. ஆனாலும் எந்தச் சுற்றறிக்கை வந்தாலும் அவருக்குப் போன் போட்டுப் படித்துக் காட்டுகிறேன். புரிந்த வரியையே இரண்டு தடவை கேட்பேன். அவர் நிதானமாக விளக்குவார்.