இப்படி எடுக்காதீர்கள்

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். இத்தனை வருடமும் இந்த வரியை வழக்கத்துக்காக எழுதினேன். இந்த முறை நிஜமாகவே எழுதுகிறேன், அடியில் கோடும் போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள். மகன் நலம், மருமகள் நலம், பேத்தி நலம். அங்கே நீயும் உன் மனைவியும் உன் முட்டிவலியும் எப்படி?

உன் பார்சல் வந்து சேர்ந்தது. கம்பளி ஒன்று, மெத்தென்று ஒரு ஜோடி செருப்பு, ரஸ்க் இரண்டு பாக்கெட், உன் முகவரியை நீயே எழுதிய தபால் அட்டை ஆறு. ஒவ்வொரு அட்டையிலும் "சாப்பாடு போடுகிறார்களா? ஆம் / இல்லை" என்று எழுதி, நான் டிக் அடிக்க இடமும் விட்டிருக்கிறாய். நீ தலைமைக் குமாஸ்தாவாக ஓய்வு பெற்றவன் என்று எல்லோருக்கும் தெரியும், அதை அக்காவிடமுமா காட்டவேண்டும்? கூடவே இருந்த கடிதத்தை மூன்று தடவை படித்தேன். சனிக்கிழமை காலை வண்டியோடு வருகிறாயாம், ஒரு பையில் துணிமணியை எடுத்து வைத்துக்கொள்ளவேண்டுமாம், யாரிடமும் மூச்சு விடக்கூடாதாம். எழுபத்தாறு வயதில் என்னை வீட்டைவிட்டு ஓடிவரச் சொல்கிறாய். இருபதில் யாராவது சொல்லியிருந்தால் யோசித்திருப்பேன்.

அதோடு விட்டாயா? பேத்திக்குப் போன் போட்டு, "ஊர்ல இருக்கற தொண்டு நிறுவனத்துக்கெல்லாம் யோசனை விக்கறியே, வீட்டுல இருக்கற கிழவியப் பாத்துக்க ஒரு யோசனை தோணலியா?" என்று கேட்டாயாம். அவள் என்னிடம் சொல்லவில்லை. அவளிடம் வேலை பார்க்கும் நெட்டையன் சொன்னான். போனை வைத்துவிட்டுப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாளாம், கண் மட்டும் சிவப்பாகவே இருந்ததாம். அதனால் இந்தக் கடிதம் இரண்டு காரியத்துக்காக. சனிக்கிழமை நீ வரக்கூடாது. அவளைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கவேண்டும். நீ பதறியது புரியாமல் இல்லை. தபாலில் வந்த நன்கொடைக் காகிதத்தில் ஜன்னலோரம் ஒரு கிழவி, கீழே "இவருக்கு யாரும் இல்லை" என்று எழுத்து, உற்றுப் பார்த்தால் உன் அக்கா. எந்தத் தம்பியும் வண்டி பிடிக்கத்தான் ஓடுவான். ஆனால் நடந்தது வேறு. முதலிலிருந்து சொல்கிறேன், நடுவில் எழுந்து போகாதே.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் பேத்தி வேலையிலிருந்து பாதியில் வந்து, செருப்பை மூலைக்கொன்றாக உதறிவிட்டு, "பாட்டி, வேலைய விட்டுட்டேன்" என்றாள். ஏழு வருடம் ஒரு பெரிய தொண்டு நிறுவனத்தில் இருந்தவள். நான் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, "சின்னச் சின்னதா தொண்டு நிறுவனம் நடத்தறாங்க இல்ல, அவங்களுக்கு ஆலோசனை சொல்ற கம்பெனி ஆரம்பிக்கப் போறேன். மனசு நிறைய இருக்கு அவங்களுக்கு, ஆனா எப்படி நடத்தறதுன்னு தெரியாம திண்டாடறாங்க" என்றாள். "தானம் கேக்கறவங்ககிட்டயே நீ போய்த் தானம் கேக்கப் போறியா?" என்றேன். "தானம் இல்ல பாட்டி, கட்டணம்" என்றாள். என் மகன் இரண்டு நாள் அவளிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் அவனே சாப்பாட்டு மேஜையின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கி முன்னறையில் போட்டான். அதுதான் திறப்பு விழா. அப்புறம் ஐந்தரை வருடத்துக்கு மேல் நாங்கள் எல்லோரும் சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிட்டோம். மருமகளுக்கு அதில்தான் கால் வலி வந்தது, ஆனால் அவள் இன்றுவரை சொல்லிக் காட்டியதில்லை.

முதலில் வந்தது தெருநாய்களைக் காப்பாற்றுகிற அம்மாள். தனியாக வரவில்லை, மூன்று காலில் நடக்கும் ஒரு நாயோடு வந்தார். பேத்தி நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "அடுத்த மூணு வருஷத்துல என்ன பண்றதா இருக்கீங்க?" என்று மரியாதையாகக் கேட்டாள். "இன்னும் நாய்" என்றார் அந்த அம்மாள். அதற்குமேல் அவரிடம் திட்டம் இல்லை. பேத்தி ஒரு மாதம் அவரோடு அலைந்தாள். யார் எப்போது எவ்வளவு கொடுக்கிறார்கள், எந்த மாதம் மருந்து தீர்கிறது, அவருக்கு ஜுரம் வந்தால் நாய்க்கு யார் சோறு வைப்பது என்று எல்லாம் எழுதி ஒரு வழிக்குக் கொண்டுவந்தாள். அவர் போய்க் கிராமம் கிராமமாக நூலக வண்டி விடுகிறவரிடம் சொல்ல, அவர் போய்க் காது கேளாத பிள்ளைகளின் பள்ளியில் சொல்ல, விளம்பரம் என்று ஒரு வரி போடாமல் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வருகிறவர் எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: "நாங்க சேவை பண்றோம், நீங்களும் சேவையாவே பண்ணக்கூடாதா?" பேத்திக்கு முகம் சுருங்கிப்போகும். நான் உள்ளேயிருந்தே, "உங்க ஆபீசுக்குக் கரண்டு சேவையாவா வருது?" என்று கேட்டுவிட்டு டீயோடு வெளியே வருவேன். டீயைப் பார்த்த பிறகு யாருக்கும் கோபம் வராது.

அப்புறம் நெட்டையன் வந்து சேர்ந்தான், நிலைப்படியில் தினமும் ஒரு தடவை தலையை இடித்துக்கொள்வான், அந்தச் சத்தம் கேட்டால் மணி ஒன்பது. எதைப் படித்தாலும் உதட்டுக்குள் சொல்லிப் பார்க்கிற ஒரு பெண் வந்தாள், அவளுக்கு முணுமுணு என்று பெயர் வைத்தேன், கோபித்துக்கொள்ளாமல் அதையே போனிலும் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். எனக்கும் வேலை இருந்தது. எந்த ரிப்போர்ட்டையும் வெளியே கொடுக்கும் முன்னால் என்னை நாற்காலியில் உட்காரவைத்து வாசிப்பார்கள். "உங்களுக்குப் புரிஞ்சா யாருக்கும் புரியும் பாட்டி" என்று நெட்டையன் ஒரு நாள் சொன்னான், அன்றைக்கு அவனுக்கு டீ கிடையாது. நான் எந்த இடத்தில் கண் அசந்தேனோ அந்த இடத்தில் முணுமுணு பென்சிலால் ஒரு கோடு போடுவாள். எண்பது பக்கம் இப்படியே பன்னிரண்டு பக்கம் ஆகியிருக்கிறது. நான் ஐந்தாவதோடு நின்றவள், நீ பதினொன்று வரை படித்தவன். உன் தூக்கத்தை யாராவது இப்படிக் குறித்து வைத்தார்களா, சொல்.

இன்னொன்று சொல்லவேண்டும். சுவர் முழுக்கக் கலர் கலராகச் சின்னக் காகிதங்கள் ஒட்டியிருப்பார்கள், அதுதான் அந்தக் காது கேளாத பிள்ளைகளின் பள்ளிக்கு மூன்று வருடத் திட்டம். ஒரு நாள் அவர்கள் வெளியே போயிருந்தபோது புழுக்கம் தாங்காமல் நான் மின்விசிறியைப் போட்டேன். மூன்று வருடமும் தரையில். பதறிப்போய் எல்லாவற்றையும் பொறுக்கி, மஞ்சள் எல்லாம் ஒரு வரிசை, பச்சை எல்லாம் ஒரு வரிசை என்று பார்க்க லட்சணமாக ஒட்டிவைத்தேன். பேத்தி வந்தாள். பார்த்தாள். நெட்டையன் வாயைத் திறந்தான், அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். "அழகா இருக்கு பாட்டி" என்றாள். அதைப் பழையபடி மாற்ற மூன்று பேருக்கு இரண்டு நாள் ஆயிற்று. என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்படிப்பட்ட பெண்ணைத்தான் நீ போனில் அப்படிக் கேட்டாய்.

இனி படத்துக்கு வருகிறேன். கம்பெனி பதினோரு பேராக வளர்ந்தபோது, யாருமில்லாத முதியவர்களுக்கு ஓர் இல்லம் நடத்துகிறவர்கள் வந்தார்கள். நன்கொடை கேட்டு அனுப்பும் காகிதத்தில் எப்படிப் படம் போடுவது என்று அவர்களுக்குப் பாடம். அதில் பேத்தி ரொம்பக் கறார். உதவி வாங்குகிறவரைப் பரிதாபமாகக் காட்டிக் காசு கேட்பது பாவம் என்பாள். அதற்கு இரண்டு படம் வேண்டியிருந்தது. ஒன்றில் "இப்படி எடுக்காதீர்கள்" என்று எழுதிச் சிவப்பில் பெரிய பெருக்கல் குறி, இன்னொன்றில் "இப்படி எடுங்கள்". இரண்டுக்கும் நான்தான் ஆள். "பாட்டி, சோகமா ஜன்னலப் பாருங்க" என்றாள். பார்த்தேன். ஒரே தடவை, முடிந்தது. "பாட்டி, நீங்க நடிக்கப் போயிருக்கணும்" என்று நெட்டையன் கை தட்டினான். டம்ளரோடு சிரிக்கிற படத்துக்குத்தான் பதினாலு தடவை ஆயிற்று, பல்செட் சரியாக உட்காரவில்லை.

பாடத்தைக் கேட்டுத் தலையை ஆட்டிவிட்டுப் போன அந்த இல்லத்துச் செயலாளர், பெருக்கல் குறியை வெட்டிவிட்டு முதல் படத்தையே அச்சடித்துத் தபாலில் சேர்த்துவிட்டார். பேத்தி நேரே போய்க் கேட்டிருக்கிறாள். "கோச்சுக்காதீங்கம்மா, சிரிக்கிற கிழவிக்கு யாரு பணம் அனுப்புவாங்க? இந்தப் படத்துக்கு எவ்வளவு வந்திருக்கு தெரியுமா?" என்றாராம். "அவங்களுக்கு யாரும் இல்லைன்னு எழுதியிருக்கீங்க. நான் இருக்கேன்" என்றாளாம் பேத்தி. மிச்சமிருந்த காகிதத்தையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்துவிட்டாள், போனது அத்தனைக்கும் அவரையே கையெழுத்துப் போட வைத்துத் திருத்தக் கடிதம் அனுப்பியிருக்கிறாள், சிரிக்கிற படத்தோடு உனக்கும் வரும், அதற்குப் பிறகு அந்த இல்லத்தோடு வேலை கிடையாது என்று முடித்துக்கொண்டாள். இவ்வளவும் முடித்து உட்கார்ந்த அன்று சாயங்காலம்தான் உன் போன்.

அதனால் என்னைப் பற்றி யாரும் கவலைப்படவேண்டாம். மூன்று மாதமாகக் கம்பெனி பெரிய ஆபீசில் நடக்கிறது. லிப்ட் இருக்கிறது, கண்ணாடிக் கதவு இருக்கிறது, பொத்தானை அமுக்கினால் டீ கொட்டும் மெஷின் இருக்கிறது. நிலைப்படி உயரமாம், நெட்டையன் தலை தப்பித்தது. எங்களுக்கு மேஜை திரும்பக் கிடைத்துவிட்டது, உட்கார்ந்து சாப்பிடுகிறோம். முன்னறை விசாலமாகக் கிடக்கிறது. போன் மணி இல்லை, நாய் இல்லை, நான் தூங்கினால் கோடு போட ஆள் இல்லை, ராணி மாதிரி இருக்கிறேன். சுவரில் காகிதம் ஒட்டிய பசைத் தடம் மட்டும் இருக்கிறது. வெள்ளையடிக்க ஆள் வந்தார், அப்புறம் பார்க்கலாம் என்று நான்தான் அனுப்பிவிட்டேன். அன்றைக்கு எனக்கு வேறு வேலை இருந்தது.

ஆகையால் சனிக்கிழமை வராதே. உன் பார்சலை அப்படியே கட்டித் திருப்பி அனுப்புகிறேன். பேத்தியிடம் மன்னிப்புக் கேள், சுருக்கமாகக் கேள், அரசாங்கக் கடிதம் மாதிரி பத்தி பிரிக்காதே. உனக்கும் உன் மனைவிக்கும் தீராத ஆயுளும் தேயாத முட்டியும் கிடைக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்

உன் அக்கா

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போனவள் மறுபடி பிரித்தேன். பார்சலைத் திருப்பி அனுப்ப வழியில்லை. ரஸ்க் தீர்ந்துவிட்டது, செருப்பு என் காலில் இருக்கிறது, அளவு சரியாக இருக்கிறது. இன்னொன்று. படம் எடுத்த அன்று காலையில்தான் பேத்தி புது ஆபீசின் சாவியைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தாள். "இனிமே உங்களுக்கு ரெஸ்ட் பாட்டி, ஒரு வேலையும் கிடையாது" என்றாள். அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாள், நானும் சந்தோஷமாகத் தலையாட்டினேன். அதற்குப் பிறகுதான் ஜன்னலைப் பார்க்கச் சொன்னாள். நான் நடிக்கவில்லை தம்பி. இதை அவளிடம் சொல்லிவிடாதே, வளர்கிற கம்பெனியைத் திரும்ப மேஜைக்கு இழுத்து வந்துவிடுவாள். சனிக்கிழமை வா. என்னை அழைத்துப்போக வேண்டாம், நீ பத்து நாள் இருந்துவிட்டுப் போ. சனி, ஞாயிறு எல்லோரும் வீட்டில் இருப்பார்கள், அதற்குள் மன்னிப்பை முடித்துவிடு. திங்கள் காலை ஒன்பது மணிக்கு எல்லோரும் கிளம்பிய பிறகு முன்னறையில் உட்கார்ந்து ஏதாவது வாசி, பேப்பரானாலும் சரி, நான் தூங்கினால் கோடு போடு. பென்சில் இருக்கிறது. உன் முட்டியால் முடியுமானால், உள்ளே வரும்போது ஒரு எம்பு எம்பி நிலைப்படியில் தலையை ஒரு தடவை இடித்துக்கொண்டு வா.