பெட்டி வீட்டுக்குப் பெண் கொடுக்கப் போனவர்

பட்டுக்கோட்டையில் 'டொக்கு மாமா' தட்டிப் பார்க்காத பொருள் ஒன்று இருந்தால், அது இன்னும் ஊருக்குள் வந்து சேரவில்லை என்று அர்த்தம். தேங்காய்த் தரகர். காயைத் தட்டிப் பழகிய விரல் தர்பூசணி, டாக்டரின் மேசை, புது பைக்கின் டேங்க் எதையும் விடாது. ஒருமுறை எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். திறந்தால், "ஒண்ணுமில்ல சார், தேக்கான்னு பாத்தேன்" என்று போய்விட்டார்.

அவர் மகளுக்குக் கீழ்வேளூர்ப் பையன் ஒருவனைப் பிடித்திருந்தது. பையனும் அம்மாவும் குடியிருந்த ஓட்டு வீட்டைப் புயல் கொண்டுபோய்விட, அவன் மூன்று பழைய கப்பல் கன்டெய்னர்களை வாங்கி, சிவப்பு, மஞ்சள், நீலம் என்று பெயின்ட் அடித்து, வயலோரத்தில் வீடாக்கியிருந்தான். மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனபோது பக்கத்து வீட்டுக்காரன் என்று என்னையும் காரில் ஏற்றினார் மாமா. "எப்படியாவது பேசி முடிச்சுட்டு வாங்க அங்கிள்" என்று அந்தப் பெண் என்னிடம் தனியாகச் சொல்லி அனுப்பியிருந்தாள்.

இறங்கியதும் மாமா சிவப்புப் பெட்டியைத் தட்டினார். பையனின் அம்மா கதவைத் திறந்து "வாங்க, வாங்க" என்றார். மஞ்சளைத் தட்டினார். அந்தம்மா அந்தப் பக்கம் ஓடி வந்து "வாங்க" என்றார். நீலத்துக்கும் வந்தார். மூன்று தரம் வரவேற்றும் மாமா உள்ளே போகவில்லை. நீலப் பெட்டியின் இரும்புக் கதவில் தாழ்ப்பாள் வெளியே இருப்பதைக் கண்டுவிட்டார்.

"இது சரக்கு ஏத்துற பொட்டி. உள்ள ஒருத்தர் கத்துனா வெளிய கேக்குமா? கேக்கலன்னா இந்தப் பேச்சே வேணாம்."

"உள்பக்கமும் தாழ்ப்பாள் இருக்கு மாமா" என்று பையன் காட்டினான். மாமா காதில் ஏறவில்லை. என்னை வரப்பில் நிறுத்திவிட்டு, நீலப் பெட்டிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெயிலுக்குப் பயந்து பையன் உள்சுவர் முழுக்கத் தெர்மகோல் ஒட்டியிருந்தான். ஒரு சத்தமும் வரவில்லை. பக்கத்தில் ஒரு கொக்கு நிம்மதியாக மீன் பார்த்துக்கொண்டு நின்றது.

வியர்வையில் தெப்பமாக நனைந்து வெளியே வந்தார். "கேட்டுச்சா சார்?"

"நல்லாக் கேட்டுச்சு மாமா."

"என்னன்னு கத்துனேன்?"

"ஹலோன்னு..."

மாமா செருப்பை மாட்டிக்கொண்டார்.

அடுப்படியிலிருந்து காபியோடு வந்த பையனின் அம்மா சொன்னார்: "அப்பா, அப்பான்னு கூப்பிட்டீங்க. எனக்குக் கேட்டுச்சுங்க. அடுப்படி ஒட்டுனாப்புலதான இருக்கு. உங்க பொண்ணு கூப்பிட்டாலும் நான்தான மொதல்ல ஓடி வருவேன்?"

மாமா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

நான் வரப்பிலேயே கொஞ்ச நேரம் நின்றேன். எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். அந்த மனிதரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.