பொறுப்பு பொருத்திய பவர் சப்ளை

ஜூன் மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலை, மூக்குக்கண்ணாடி வில்லைகளை மொத்தமாக விற்கும் நிறுவனம் ஒன்றின் கிளை அலுவலகத்தில், மேலாளரின் கணினிக்கு மின்சாரம் பங்கிடும் பெட்டியான பவர் சப்ளை புதிதாகப் பொருத்தப்பட்டது. அதன் பிறகும் கணினி ஓடவில்லை.

பொருத்தியவன் பொறுப்பு. அது பெற்றோர் வைத்த பெயர் இல்லை. எந்த வேலையைப் பற்றிப் பேச்சு வந்தாலும் "விடுங்க, என் பொறுப்பு" என்று முந்திக்கொண்டு சொல்லிச் சொல்லி, அலுவலகம் வைத்த பெயர். ஸ்டாக் பார்ப்பதுதான் அவன் வேலை. அதுவும் ஒப்பந்த வேலை. வருடா வருடம் ஒரு கையெழுத்தில் நீளும். கையெழுத்து விழாவிட்டால் நின்றுபோகும்.

வெள்ளிக்கிழமை மாலை கருகல் வாடையோடு மேலாளரின் கணினி அணைந்தபோது எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். பொறுப்பு மட்டும் வாயைத் திறந்தான்.

"பவர் சப்ளை போயிருச்சு சார். மெக்கானிக்கைக் கூப்பிட்டா அவர் வர்றதுக்குள்ள அடுத்த வாரம் பாதி போயிடும். நானே மாத்திடறேன்."

"உனக்கு இதெல்லாம் தெரியுமா?"

"வீட்டுல வாஷிங் மெஷினையே நான்தான் சார் பாக்கறேன்."

மேலாளர் நல்ல மனிதர். தலைமை அலுவலகம் என்ற சொல்லைக் கேட்டாலே சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொள்வார். "பாருப்பா, உன்னை நிரந்தரமாக்கச் சொல்லி நான் எழுதி வச்சிருக்கிறது இந்த மெஷினுக்குள்ளதான் இருக்கு. திங்கட்கிழமை மத்தியானம் தலைமை ஆபீஸ் மேடம் வர்றாங்க. அனேகமா உன் விஷயமாத்தான் இருக்கும். அவங்க வர்றதுக்குள்ள அனுப்பியாகணும்" என்றார்.

ஆக, அவனுடைய எதிர்காலம் அந்த இரும்புப் பெட்டிக்குள் இருந்தது. இப்போது அதைத் திறந்து வைத்துக்கொண்டு தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தான். விசிறி சுற்றியது. விளக்கு எரிந்தது. திரை மட்டும் கன்னங்கரேலென்று இருந்தது.

கிடங்கு அண்ணன் எட்டிப் பார்த்தார். வில்லைகளைத் துடைத்து, உறையிலிட்டு, கடைகளுக்கு அனுப்புவது அவர் பொறுப்பில் இருந்தது. "விளக்கு எரியுது, காத்து வருது, ஆனா விஷயம் ஒண்ணும் வெளிய வரலை. நம்ம மீட்டிங் மாதிரியே இருக்கு" என்றார்.

"திரையிலதான் கோளாறுண்ணே" என்றான் பொறுப்பு, அதிகாரத் தோரணையில்.

கணக்கு அக்காவின் திரையைக் கழற்றிக் கொண்டுவந்து மாட்டினான். அதுவும் கறுத்தது.

"அப்போ என் திரையைத் திருப்பிக் குடு" என்றார் அக்கா.

"இருங்கக்கா. அடுத்து மெமரியைப் பாத்துட்டு ஒரேயடியாத் தர்றேன்."

கைபேசி அடித்தது. மனைவி.

"அப்பாகிட்ட சொல்லிட்டேங்க."

"என்ன சொன்னே?"

"உங்களுக்கு வேலை நிரந்தரம் ஆயிடுச்சுன்னு."

பொறுப்பு ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தான். "இன்னும் ஆகலையேம்மா."

"இன்னிக்கு ஆயிடும்னு நீங்கதானே சொன்னீங்க? சாயங்காலம் வர்றாரு. போன தடவை மாதிரி அவர் முன்னாடி நகத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காதீங்க. நிமிர்ந்து உக்காருங்க."

"சரி."

"என்ன, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"மேசைக்கு அடியில இருக்கேன்."

மாமனார் கெட்டவர் இல்லை. மகளைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து, பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்: "மாப்பிள்ளை, இன்னும் அதே மாதிரிதானா?" அந்த 'அதே மாதிரி'க்குப் பதில் சொல்ல முடியாமல் போன தடவை அவன் பத்து விரலையும் பார்த்து முடித்திருந்தான்.

மெமரி என்பது விரல் நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதலான பச்சைப் பட்டை. எது கெட்டது என்று கண்டுபிடிக்க, தன் கணினி, அக்காவின் கணினி, கிடங்குக் கணினி எல்லாவற்றிலிருந்தும் அவற்றை உருவி எடுத்தான். ஒவ்வொன்றாக மேலாளரின் கணினியில் செருகிப் பார்த்தான். எதற்கும் அது கண் திறக்கவில்லை. உருவியவற்றைப் பக்கத்திலிருந்த வில்லைத் தட்டில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனான்.

திரும்பி வந்தபோது தட்டு காலியாக இருந்தது.

"அண்ணே, இங்க வச்சது?"

"துடைச்சு வச்சுட்டேன்" என்றார் கிடங்கு அண்ணன். "ஒரே தூசி. வில்லை துடைக்கிற நம்ம மருந்து ரெண்டு ரெண்டு சொட்டு விட்டேன். இப்ப பாரு, முகம் பாக்கலாம்."

பச்சைப் பட்டைகள் தனித்தனியாக வில்லை உறைகளுக்குள் இருந்தன. மேலே அவர் கையெழுத்தில் கிட்டப்பார்வை, தூரப்பார்வை என்று எழுதியிருந்தது.

"இது எதுக்குண்ணே?"

"உறையில போட்டா எழுதாம இருக்க முடியலைப்பா. கை பழகிருச்சு."

எது யாருடைய கணினியிலிருந்து வந்தது என்று இனிக் கடவுளுக்குத்தான் தெரியும். ஈரம் வேறு. பொறுப்பு அவற்றை ஜன்னல் ஓரத்தில் காய வைத்தான். அப்பளம் காய வைத்ததுபோல் இருந்தது.

கடைகளிலிருந்து ஆர்டர் சொல்லும் தொலைபேசி விடாமல் அடித்தது. கணக்கு அக்கா ஒரு காதில் அதை வைத்துக்கொண்டு, கையில் கிடைத்த அட்டைப்பெட்டிமேல் எழுதிக்கொண்டிருந்தார். "என் கணக்கெல்லாம் போச்சா தம்பி?"

"அதெல்லாம் தலைமை ஆபீஸ் சர்வர்ல பத்திரமா இருக்குக்கா. உங்க மெஷின் வெறும் ஜன்னல்தான்."

"ஜன்னலைப் பேத்துட்டியே. அதான் கேக்கறேன்."

பட்டைகள் காய்ந்ததும் ஆளுக்கொன்றாகத் திரும்பச் செருகினான். மற்றவை ஓடின, மேலாளரின் கணினி மட்டும் ஓடவில்லை. கிடங்கு அண்ணனின் மருந்து மெமரிக்கும் நல்லதுதான் போலும்.

அப்போதுதான் புத்தியில் ஒரு வெளிச்சம் பட்டது. வாங்கி வந்த புதுப் பவர் சப்ளையே கோளாறாக இருந்தால்? அக்காவின் கணினியிலிருந்து நல்ல பவர் சப்ளையைக் கழற்றி மேலாளரின் கணினியில் மாட்டினான். தடித்த வயரைத் தடித்த ஓட்டையில் செருகினான். விசிறி சுற்றியது, திரை இருண்டது. சரி என்று கழற்றி அக்காவின் கணினிக்கே திருப்பினான். இப்போது அதுவும் மேலாளரின் கணினி போலவே விசிறியைச் சுற்றிக்கொண்டு சும்மா இருந்தது. தன்னுடையதையும் கழற்றி மேலாளரின் கணினியில் பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டினான். அதற்கும் அதே கதி.

மேலாளர் ஜன்னலைத் திறந்துவிட்டார். "என்னப்பா இது, தொத்து வியாதி மாதிரிப் பரவுது?"

"எனக்கும் அதான் சார் புரியலை."

"என்னோடது ஒண்ணுதானேப்பா கெட்டிருந்துச்சு?"

வீட்டு வரவேற்பறையில் மாமனார் காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமுவது பொறுப்புக்கு இங்கேயே கேட்டது.

மிச்சமிருந்தது கிடங்குக் கணினி. அதில் மெமரியை மட்டும்தான் தொட்டிருந்தான். மற்றதெல்லாம் பொருத்தியது பொருத்தியபடி இருந்தது. கிடங்கு அண்ணன் அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"உன் மேல எனக்குக் கோபமில்லை. ஆனா இதைத் தொடாதே."

"தொடலைண்ணே. பாக்க மட்டும் செய்யறேன். கையைப் பின்னால கட்டிக்கிறேன்."

உண்மையிலேயே கட்டிக்கொண்டான். காலையிலிருந்து முதல் தடவையாக, ஒன்றையும் பிடுங்காமல், குனிந்து வெறுமனே பார்த்தான். தடித்த வயர் இருந்தது. அதற்கு மேலே, கணினியின் மூளை இருக்கும் மூலையில், பெரிய விசிறியின் மறைவில், சின்னச் சதுரமாக இன்னொரு பிளக் செருகியிருந்தது. தனியாக நான்கு வயர்.

பொறுப்பு நிமிர்ந்து மேலாளரின் கணினியைப் போய்ப் பார்த்தான். அதே இடத்தில் சதுர ஓட்டை வெறுமையாக இருந்தது. அதில் செருக வேண்டிய வயர் பெட்டிக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அக்காவின் கணினியிலும் அப்படியே. தன் கணினியிலும் அப்படியே. மூளைக்கு மின்சாரம் போகவிடாமல், ஒவ்வொரு கணினியாக அவன் சாகடித்திருக்கிறான்.

"அண்ணே" என்றான் மெதுவாக. "காலையில இருந்து எல்லாத்துலயும் ஒரே வயரை விட்டிருக்கேன்."

"ரெண்டு வயரை விடலையே. அதுவரைக்கும் சந்தோஷம்."

"அரை மணி நேரம் போதும். செருகிடலாம்."

வாசலில் வேன் வந்து நின்றது.

தலைமை அலுவலக மேடம் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். பின்னால் நீலச் சட்டை போட்ட ஊழியர் ஒருவர். மேலாளர் முன்னேற்பாடாக மேசைக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். நான்கு கணினிகளை மறைக்கும் அளவுக்கு அவர் அகலமானவர் இல்லை.

மேடம் அறையைச் சுற்றிப் பார்த்தார். மூடி கழற்றிய பெட்டிகள். ஒரு மேசையில் பவர் சப்ளைகள். ஜன்னல் ஓரத்தில் வில்லை உறைகள். கிண்ணத்தில் ஸ்குரூக்கள். நாற்காலி மேல் திரைகள்.

"இதெல்லாம் யார் பண்ணது?"

மேலாளர் பொத்தானைத் தடவினார்.

"எல்லாருமா சேர்ந்துதான் மேடம்" என்றார் கணக்கு அக்கா.

"துடைச்சது நான்" என்றார் கிடங்கு அண்ணன்.

பொறுப்பு ஓர் அடி முன்னால் வந்தான். சாயங்காலத்தை நினைத்துக்கொண்டான். மனைவி வாசலிலேயே முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வாள். மாமனார் ஒன்றும் கேட்கமாட்டார், அதுதான் இன்னும் மோசம்.

"அவங்க சும்மா சொல்றாங்க மேடம். கழட்டினது முழுக்க நான் ஒருத்தன்தான். அவங்களுக்கு இதுல சம்பந்தம் இல்லை."

மேடம் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க நிரந்தர ஊழியரா?"

"இல்லைங்க. ஒப்பந்தம்."

மேடம் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். பொறுப்பு நகத்தைப் பார்க்கத் தொடங்கினான்.

அதற்குள் நீலச் சட்டைக்காரர் பெட்டி பெட்டியாகக் குனிந்து பார்த்து, உறைகளைப் புரட்டிப் பார்த்து, நிமிர்ந்தார்.

"மேடம், புது மெஷின் வருது, பழசையெல்லாம் பாகம் பாகமா கழட்டி வைங்கன்னு வெள்ளிக்கிழமை ராத்திரி எல்லாக் கிளைக்கும் மெயில் போட்டோமே, அதைப் படிச்சது இவர் ஒருத்தர்தான்."

புதிய கணினிகள் அன்று மாலைக்குள் பொருத்தப்பட்டன. பொறுப்பு அந்த மாதமே நிரந்தரமாக்கப்பட்டான். எல்லாக் கிளைகளின் கணினிகளும் இப்போது அவனிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கின்றன.