சிவப்பு மையில் எழுதிய நன்றியுரை

வெளிச்சத்தை நம்பாதீர்கள். இருட்டாவது ஒன்றும் தெரியாது என்று நேர்மையாக ஒப்புக்கொள்ளும். வெளிச்சம் சிரித்துக்கொண்டே கழுத்தறுக்கும்.

எனக்கு அது நடந்தது அக்காவின் கலியாண வரவேற்பில், வெள்ளவத்தை மண்டபமொன்றில். மேடையேறினால் அப்பா அழுதுவிடுவார் என்று நன்றியுரையை என் தலையில் கட்டினார்கள். அக்கா தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்:

"தம்பி, அவற்ற பெரியப்பாவுக்கு முதல் நன்றி சொல்லிப்போடு. தகப்பன் மோசம்போனாப் பிறகு அவர்தான் வளர்த்தவர். பொல்லாத ரோசக்காரர். நாளைக்கு நான் அந்தக் குடும்பத்தோடதான் வாழவேணும்."

மாப்பிள்ளையின் பெரியப்பா அருளம்பலம். காலமான தகப்பன் சிற்றம்பலம். இரண்டு அம்பலங்களையும் குழப்பிவிடக்கூடாது என்றுதான் எல்லாவற்றையும் எழுதிக்கொள்ள நினைத்தேன். கறுப்புப் பேனையை எடுத்ததும் அம்மா பாய்ந்து வந்தார்.

"நல்ல காரியத்துக்குக் கறுப்பில எழுதுறியோ? சிவப்பில எழுது!"

எழுதினேன். (நான் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் டியூஷன் எடுக்கிறவன். சிவப்பு ஒளியில் வெள்ளைத் தாளும் சிவப்பாகத் தெரியும், அதில் சிவப்பு எழுத்து காணாமல் போகும் என்று படம் கீறி விளங்கப்படுத்தியவன். அந்த அறிவெல்லாம் ஊருக்கு மட்டுந்தான் போலும்.)

நான் ஒலிவாங்கியைப் பிடித்ததும் விளக்குக்காரர் மேடை முழுவதையும் சிவப்பாக்கினார். தாளைப் பார்த்தேன். ஒரு எழுத்துக்கூட இல்லை. திருப்பிப் பார்த்தேன், மூக்கில் இடிக்கும்வரை கிட்டக் கொண்டுபோனேன். "பெடியனுக்கு வாசிக்கத் தெரியாதோ?" என்று முன்வரிசையில் யாரோ கேட்டது தெளிவாகக் காதில் விழுந்தது.

"அய்யே, சுது லயிட் தான்ன!" வெள்ளை விளக்கைப் போடச் சொல்லிச் சிங்களத்தில் கெஞ்சினேன், அதுவும் ஒலிவாங்கியிலேயே. மண்டபம் சிரித்தது. அவர் "ஹரி மல்லி", சரி தம்பி, என்று கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் புகையையும் சேர்த்து அவிழ்த்துவிட்டார். நான் பாடப்போகிறேன் என்று நினைத்திருப்பார், பாவி. அந்த மனுசனை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

இனி ஞாபகந்தான் கதி. மணமக்கள் நாற்காலியிலிருந்து அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாப்பிள்ளையை வளர்த்து ஆளாக்கிய சிற்றம்பலம் ஐயாவுக்கு முதல் நன்றி" என்றேன். மண்டபம் அமைதியானது. உருகிவிட்டார்கள் என்று எண்ணிக் குரலைத் தழுதழுக்க வைத்தேன். "இந்த நாளைக் காணக் கொடுத்துவைக்காத அமரர் அருளம்பலம் அவர்களின் ஆன்மா சாந்தியடைய, எல்லாரும் எழுந்து நிற்போம்."

பாதி மண்டபம் பழக்கதோசத்தில் எழும்பியது. முன்வரிசையில் அருளம்பலமும் எழும்பினார்.

அக்கா முகத்தைப் பொத்திக்கொண்டதைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. மன்னிப்புக் கேட்டேன், காலிலும் விழுந்தேன். "பரவாயில்லை தம்பி" என்றார் பெரியப்பா, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

இப்போது இரண்டு குடும்பத்திலும் இதைச் சொல்லிச் சிரிக்காத விசேசமே இல்லை. நானும் பல்லைக் காட்டுகிறேன், உள்ளுக்குள் பற்றியெரியும். பெரியப்பா கல்லுமாதிரி இருக்கிறார். கல்கிசையில் அக்கா வீட்டுக்கு வருவார், பிள்ளைகளோடு விளையாடுவார். அக்கா சோற்றுக் கோப்பையை நீட்டினால் மட்டும் கையெடுத்துக் கும்பிடுவார்.

"செத்தவனுக்கு ஏன் பிள்ளை சோறு?"

எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அக்கா கோப்பையைக் குசினிக்குத் திருப்பிக் கொண்டுபோவாள். அடுத்தமுறை அவர் வந்தாலும் முதல் சோறு அவருக்குத்தான் போடுவாள்.