வெள்ளிக்கிழமை வேலி

களா முள்வேலியை இந்த வெள்ளிக்கிழமையும் ஒரு சாண் நகர்த்தியாக வேண்டும். பக்கத்து வீட்டு ஹனீபா எப்போது ஜும்மாவுக்குப் புறப்படுவார் என்று ஐயாத்துரை கடப்பாரையோடு காத்திருந்தார்.

ஜப்பான்காரன் பினாங்கைப் பிடித்து இரண்டாம் வருடம். அரிசி கண்ணில் பட்டு மாதக்கணக்காயிற்று. ஐயாத்துரைக்கு ஐந்து பிள்ளைகள். பின்கட்டில் நட்ட மரவள்ளி ஒரு வேளைக்கே போதவில்லை. பிள்ளையில்லாத ஹனீபா ஒருமுறை கூடை நிறையக் கிழங்கு கொண்டுவந்தார்.

"நாங்கள் ஒருத்தரிட்டையும் கை நீட்டிறேல்லை" என்று ஐயாத்துரை அதைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

கை நீட்டமாட்டார், வேலியை நீட்டுவார். வேலிச் சண்டைக்குப் பேர்போன யாழ்ப்பாணத்தில் பிறந்தவருக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த வேலியை வைத்தவரும் அவர்தான். தண்ணீர்மலை அடிவாரத்துப் புதரிலிருந்து களாக் கன்றுகளைக் கொண்டுவந்து, அடியிலிருந்தே கிளைக்கும்படி நுனி கிள்ளி, அடுப்புச் சாம்பல் போட்டு வளர்த்தார். இப்போது வாரத்துக்கு நாலைந்து செடி. வேர்மண் உதிராமல் பெயர்த்து அந்தப் பக்கம் தள்ளி நட்டால், ஹனீபாவின் மரவள்ளி இந்தப் பக்கம் வந்துவிடும்.

ஆனால் களாவுக்கு இடமாற்றம் பிடிக்கவில்லை. இரண்டு செடி பட்டுப்போயின. அந்தச் சந்தில் ஆடு புகுந்து மரவள்ளி இலையை மேய்ந்தது. சந்தை அடைக்க முள்ளை வெட்டிப் போட்டார். அது கடைக்குட்டியின் காலில் ஏறியது. சரி, நெருக்கி நடுவோம் என்று நட்டார். கிளைகள் சாய்ந்து ஹனீபாவின் கிணற்றுப் பாதையை மறித்தன.

ஹனீபா கிணற்றுக்குச் சுற்றிக்கொண்டு போனார். போதாக்குறைக்கு வாடிய செடிகளுக்குத் தண்ணீரும் ஊற்றினார். அதுதான் ஐயாத்துரையைப் பயமுறுத்தியது. யாராவது போய் ஒரு வார்த்தை சொன்னால் ஜப்பான் போலீஸ் வாசலில் நிற்கும் காலம் அது. ஆனாலும் பிள்ளைகளின் பசி வெள்ளிக்கு வெள்ளி வந்துகொண்டிருந்தது.

இன்று அந்தத் தெரு முழுக்க சிமெண்டுச் சுவர்கள். ஒரு சாண் என்ன, ஒரு நூல்கூட நகராது. அந்த முள்வேலியை நினைத்தால், அதே தெருவில் வளர்ந்த எனக்கு ஏக்கமாகத்தான் இருக்கிறது.

அந்த வெள்ளிக்கிழமை ஹனீபா ஜும்மாவுக்குப் போனபின், மூன்றாவது செடியை நடும்போது ஐயாத்துரையின் வேட்டி முள்ளில் மாட்டியது. வேட்டியை எடுக்கப்போய்ச் சட்டைக் கை மாட்டியது. திரும்பினால் முதுகும் மாட்டிக்கொண்டது. அவர் நின்றதோ ஹனீபாவின் நிலத்தில். அப்போது பார்த்து ஹனீபாவின் மனைவி சல்மா குடத்தோடு வந்தாள்.

"செடி சாய்ஞ்சு போச்சு, தங்கச்சி. நிமிர்த்தி வைக்கிறன்" என்றார் ஐயாத்துரை. கடப்பாரையை ஒளிக்க, முள்ளில் மாட்டிய கை வரவில்லை.

சல்மா குடத்தை இறக்கிவைத்துவிட்டு முள்ளை ஒவ்வொன்றாக விடுவித்தாள். ஐயாத்துரைக்கு வியர்த்துக் கொட்டியது. தொழுகை முடிந்திருக்கும். மானம் போகப்போகிறது.

"கெதியாய் எடு, தங்கச்சி. ஹனீபா வந்திடுவார்."

"மெதுவா நடுங்க லா, அண்ணே. நீங்க முடிச்சிட்டீங்கன்னு நான் ஆள் அனுப்பினாத்தான் அவரு பள்ளிவாசல விட்டே கிளம்புவாரு. கையில கொடுத்தா நீங்க வாங்கமாட்டீங்களாமே."